ஆறாம் நாள் கணக்கு

கேரள எல்லையோர எலப்புள்ளியில் பூமாரி பாத்திரங்களை மூட்டை கட்டுவதைப் பார்த்ததும் ஆனந்தி டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது.

"எலப்புள்ளிய விட்டுட்டுக் கோயமுத்தூருக்கா? அங்க வாடகை என்னன்னு தெரியுமா? அந்த ரோட்டுல பொண்ணத் தனியா அனுப்ப முடியுமா? இங்க பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்!"

"முடிவு பண்ணிட்டமுங்க டீச்சர்."

"பள்ளிக்கூடம் தொறந்து நாளைக்கு ஆறாம் நாள். கேரளா ஆபீசருங்க வந்து தலை எண்ணுவாங்க. ஒரு புள்ள கொறஞ்சாலும் நம்ம தமிழ் வகுப்ப மூடிருவாங்க. உனக்கு மனசாட்சியே இல்லையா?"

பூமாரி முடிச்சை இறுக்கினாள்.

"எங்கூட்டுக்காரரு கோயமுத்தூர்ல ஸ்கூல் வேன் ஓட்டறாருங்க. தெனமும் அங்க இருக்கற உங்க ஊட்டு வாசல்ல உங்க பொண்ண ஏத்தறது அவருதானுங்க. நாளைக்கு அவளக் கூட்டிட்டு வந்து எங்க புள்ள எடத்துல உக்கார வெய்யுங்க. கணக்கு சரியாயிரும்."