ஒரே ஒரு கிராம்பு

"நோயாளிங்களை எல்லாம் உள்ளே சேர்த்தா, இது சங்கமா, ஆஸ்பத்திரியா?"

ஷேக் அலாவுதீன் எழுந்து நின்று போட்ட சத்தத்தில் சூலியா தெரு சகாய சங்கத்தின் கூரை ஓடே அதிர்ந்தது. வாயா அது! தெருவிலேயே பெரிய மளிகைக் கடை அவருடையது. தொண்டை கடையைவிடப் பெரிசு.

விஷயம் இதுதான். சந்தா கட்டுகிற கடை ஆட்களுக்கு நோய் வந்தால் டாக்டர் செலவும் மருந்துச் செலவும் சங்கத்தைச் சேர்ந்தது. இனிமேல் தெருவில் உள்ள எல்லாருக்கும் அது வேண்டும், பெண்களோ, தெருவோரம் விற்கிற அங்காடிக்காரர்களோ, ஏற்கெனவே நோவோடு கிடப்பவர்களோ, முடிந்த சந்தாவைக் கட்டிச் சேரட்டும் என்று தீர்மானம் கொண்டுவந்திருந்தார் காரியதரிசி பால்ராஜ். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. இளவயசு, நல்ல மனசு.

ஆனால் அவர் பேசி முடித்தபோது கூட்டம் உம்மென்றுதான் இருந்தது. ரப்பர் விலை விழுந்து வியாபாரம் படுத்துக் கிடந்த காலம்.

"நல்ல காரியம்தான் தம்பி. ஆனா இப்பவா?" என்று தலையைச் சொறிந்தார் துணிக்கடை யூசுப். "அதானே" என்று நாலைந்து தலைகள் ஆடின.

பால்ராஜ் வாசலைப் பார்த்தார். வாசல்படியில் ஹபீபா பீவி காத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஆப்பம் சுட்டு விற்கிறவள். இரண்டு கண்ணிலும் புரை. அறுத்து எடுத்தால் பார்வை வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீர்மானம் தோற்றால் அவளுக்கு இருட்டுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அலாவுதீன் எழுந்து அந்தச் சத்தம் போட்டார்.

"டாக்டரு சும்மா கிடைச்சா, இருமாதவனும் இருமுவான்லா! அந்த ஹபீபாவையே எடுத்துக்குங்க. கண்ணு தெரியாட்டி என்ன கெட்டுப் போச்சு? ஆப்பம் வட்டமாத்தானே வருது!"

வாசலில் ஹபீபா பீவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கொதித்துப் போனது.

"அல்லாவுக்குப் பயந்து பேசுங்க அண்ணே!" யூசுப் துள்ளி எழுந்தார். "நாளைக்கு உங்களுக்கும் கண்ணு போகாதா?"

"போனா என் காசுல பார்த்துக்குவேன். நான் சொல்றது உங்க நன்மைக்கு. எல்லாரும் பேசாம கிராம்பைப் போடுங்க!"

"போடுறோம், போடுறோம். பானை வரட்டும்!" என்று பல்லைக் கடித்தார் யூசுப்.

பாதிப் பேருக்கு எழுதப் படிக்க வராது என்பதால் சங்கத்தில் ஓட்டுக்கு ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு கொட்டைப்பாக்கு, ஒரு கிராம்பு. கையைப் பானைக்குள் விட்டு, சம்மதம் என்றால் பாக்கைப் போட வேண்டும், இல்லையென்றால் கிராம்பை. மிச்சத்தை மூடின கையோடு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று யாரும் கேட்கக் கூடாது.

சட்டத்தில் இல்லாத இன்னொரு வழக்கமும் உண்டு. அலாவுதீன் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகப் போடுவது! கடிகாரம் வாங்கலாம் என்றார். இன்றுவரை சுவர் மொட்டையாக நிற்கிறது. ஆண்டு விழாவுக்கு பேண்டு வாத்தியம் வேண்டாம் என்றார். ரெண்டு செட்டு வந்து இறங்கியது.

எல்லாரும் போட்டு முடித்ததும் பானையைப் பாயில் கவிழ்த்தார்கள். பாக்கு உருண்டு ஓடியது. எங்கே பார்த்தாலும் பாக்கு. நடுவில் ஒரே ஒரு கிராம்பு.

எல்லாரும் அலாவுதீனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

"எல்லாரும் நல்லா இருக்கணும்!" ஹபீபா பீவி அழுதுகொண்டே கையேந்தினாள். "அந்த அலாவுதீன் நாக்குல மட்டும் புண்ணு வரட்டும்!"

"வந்தாலும் மருந்து நம்ம சங்கத்து செலவுதான் அக்கா!" என்றது ஒரு குரல். ஒரே சிரிப்பு.

பால்ராஜுக்கு மட்டும் ஆறவில்லை. ஓடிப்போய்த் தெருமுனையில் அவரைப் பிடித்தார்.

"கண்ணு தெரியாத பொம்பளையைப் போய் அப்படிப் பேச உங்களுக்கு எப்படி அண்ணே மனசு வந்துச்சு?"

பதில் சொல்ல அலாவுதீன் வாயைத் திறந்தார்.

குப்பென்று கிராம்பு வாசனை அடித்தது. பல்லிடுக்கில் பாதி மென்ற கிராம்பு!

பால்ராஜ் விழித்தார். "அப்ப... நீங்க பானையில போட்டது பாக்கா?"

"உஷ்! மெதுவா!"

"இதை உள்ளேயே ஆதரிச்சுப் பேசியிருக்கலாமே அண்ணே?"

"நான் ஆதரிச்சு இந்தச் சங்கத்துல எது தம்பி ஜெயிச்சிருக்கு? கடிகாரம் எங்கே?"

"அந்த அக்காவுக்கு நீங்களே உதவி செஞ்சிருக்கலாம்."

"போய்க் கேட்டேன். தர்மம் வேணாம்னு ஆப்பக் கரண்டியைத் தூக்கிட்டா. சங்கம்னா அவ சந்தாவும் அதுல இருக்கும். தலைநிமிர்ந்து டாக்டர்கிட்ட போவா."

பால்ராஜ் சங்கத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்த ஒத்தைக் கிராம்பு யாருது?" என்றார்.

"அதைக் கேட்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல? காரியதரிசி நீயே கேட்கலாமா?"

நடக்க ஆரம்பித்த அலாவுதீன் நின்று திரும்பினார்.

"யார்கிட்டயும் மூச்சு விட்டுறாதே. அடுத்த கூட்டத்துல பிரசவச் செலவையும் சேர்க்கணும்னு தீர்மானம் கொண்டுவா. நான் வந்து கன்னாபின்னான்னு எதிர்க்கிறேன்!"