வாசலில் உதிர்ந்த மண்

ஓகசவாராத் தீவின் காட்டு வாசலில் வினிகர் நெடி. உள்ளே போகிற எல்லோருடைய பூட்ஸையும் பிரஷ்ஷால் தேய்த்து, வினிகர் தெளித்த பிறகுதான் விடுகிறேன். வெளிமண்ணில் ஒட்டி ஒரு புழு வந்துவிட்டால் போதும், வேறெங்கும் இல்லாத எங்கள் நத்தைகளைத் தின்றே தீர்த்துவிடும். வரிசையில் கடைசியாக ஹிசாயே என்கிற பெண். குச்சிக் கால்களில் படகு மாதிரி பூட்ஸ். "என்னம்மா, வீட்டுக்காரரோடதைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்கிறேன். "ஆமா. அவருக்கு இனிமே தேவைப்படாது." கழற்றித் தருகிறாள்; வாங்கித் திருப்புகிறேன். பூட்ஸின் அடிப் பள்ளங்களில் காய்ந்த கருமண். "அவர் கடைசியா ஏறின மலையோட மண்ணு. கழுவ மனசு வரல." தகரக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டுகிறது. வெளிமண் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது விதி. அவளே என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு குந்துகிறாள். ஒரு பள்ளம் விடாமல் சுரண்டுகிறாள். உதிர்ந்ததை ஒரு டப்பாவில் அள்ளி, இறுக மூடி, அவள் பெயரை எழுதுகிறேன். "திரும்பி வரும்போது வாங்கிக்கங்க." தலையசைத்துவிட்டு, வினிகர் தெளித்த பூட்ஸை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறாள். அவளுக்குப் பின்னால், ஈரத்தரையில், அவருடைய அளவில் தடங்கள் விழுந்துகொண்டே போகின்றன.