குழாய் ஏன் கத்தவில்லை?

"கையைக் கோத்துக்கச் சொன்னா, கைக்குட்டையை ஏண்டா சுத்தறே?" என்று கமெனிடம் பாய்ந்தார் நெவேனா டீச்சர்.

"ஹோரோ வரிசை ஆட்டத்துல முன்னால நிக்கற தலை ஆள் இப்படித்தான் சுத்துவான் டீச்சர். தலையும் வாலும் கை சேரவே சேராதே!"

"இது டான்ஸ் இல்லடா, மின்சுற்று! வட்டம் மூடினாத்தான் கரண்ட் ஓடும்."

டீச்சர் கையில் ஒரு சின்னக் குழாய். உள்ளே பேட்டரி. மறுமுனையை ஒருவர் பிடித்து, மற்றவர்கள் கைகோத்து நின்றால் அது கத்த வேண்டும். கடைசி பெஞ்சில் பள்ளி இன்ஸ்பெக்டர் ராதோஸ்லாவ் பேனாவுடன் காத்திருந்தார். இன்றைய பாடம் சொதப்பினால் டீச்சருக்கு வேலை நிரந்தரமாகாது.

"விருந்தாளி இருக்கும்போது தலை இடம் அவருக்குத்தானே?" என்றாள் இஸ்க்ரா.

"நான் ஆட வரலம்மா..."

"தலை இடத்தை வேண்டாம்னு சொன்னா ஊருக்கே அவமானம் சார்!"

பல்கேரியாவில் பிறந்தவர் இதற்கு மேல் என்ன சொல்வார்? எழுந்து வந்து குழாயின் மறுமுனையைப் பிடித்தார். வட்டம் மூடியது. குழாய் கத்தவில்லை.

"பேட்டரி போட்டீங்களா மேடம்?"

"போட்டேன் சார். கோளாறு ஆட்கள்ல."

"எப்பவுமே பழி மத்தவங்க மேலதான்!"

"வந்து பத்து நிமிஷம் ஆகல. அதுக்குள்ள எப்பவுமேவா?"

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது.

"டீச்சர், பென்கோவை எடுத்துட்டுப் பாருங்க. அவன் கை பூரா வெண்ணெய்" என்றாள் இஸ்க்ரா.

பென்கோவை வெளியே அனுப்பினார்கள். குழாய் கத்தவில்லை.

"கமென்? நேத்திலேர்ந்தே அவன் ஒரு மாதிரிதான் இருக்கான்" என்றாள் மறுபடியும் இஸ்க்ரா.

கமென் கைக்குட்டையைச் சுற்றியபடியே போனான். அப்போதும் கத்தவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொருவராக வெளியேற்றினார்கள். வெளியே கால்பந்து ஆட்டமே தொடங்கிவிட்டது. பாவம் டீச்சர், அழுகையை அடக்கிக்கொண்டு நின்றார்.

கடைசியில் வகுப்பில் மிஞ்சியது டீச்சர், இன்ஸ்பெக்டர், நடுவில் இஸ்க்ரா.

"அப்போ கோளாறு நான்தான் போல!" என்று அவளும் ஓடிவிட்டாள்.

பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி கையை நீட்டிப் பிடித்தார்கள். கீ...ச்!

"கத்திருச்சு! இப்பவாவது நம்பறீங்களா சார்?"

"ம்... பாடம் பிரமாதம் மேடம்."

ஜன்னலுக்கு வெளியே இஸ்க்ரா, கரண்ட் போகாதபடி உள்ளங்கையில் தடவிக் காயவைத்திருந்த பசையைத் தோல் தோலாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் நின்னுச்சா?" என்றான் கமென்.

"இன்னும் நிக்கலை. யாரும் உள்ளே போயிடாதீங்கடா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "வீடு ரெண்டானதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் எங்கம்மாவும் அப்பாவும் கையைப் பிடிச்சிருக்காங்க."