பிரணவின் பதினோரு வருடப் பதிவு

இப்போதெல்லாம் ஜாதகம் யாரும் கேட்பதில்லை. ஆன்லைன் விளையாட்டில் சேர்ந்திருக்கும் பதிவைப் பார்த்துத்தான் பெண் கொடுக்கிறார்கள். செண்பகவல்லியின் மகன் பிரணவின் பதிவு தங்கம். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடப் பாதி ஆட்டத்தில் ஓடியதில்லை. தோற்றவர்களிடம் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை.

பெண் பார்க்கப் போன வீட்டில், பஜ்ஜி வருவதற்குள் மணப்பெண் இளவேனில் பிரணவிடம், "ஒரு ஆட்டம் போடலாங்களா?" என்றாள். பிரணவ் இரண்டே நிமிடத்தில் தோற்று, போனைச் சோபாவில் விட்டெறிந்தான்.

"இடது பக்கம் போயிருக்கணும்டா, அங்கதான்..." என்று ஆரம்பித்த செண்பகவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக மகனிடம் பிடுங்கி வைத்த போனில் அவன் பெயரிலேயே ஆடத் தொடங்கியவர், இன்றுவரை நிறுத்தவில்லை.

இளவேனில் போனை எடுத்து நீட்டினாள். "நீங்க ஆடுங்க அத்தை."

பஜ்ஜி ஆறும்வரை ஆடினார்கள். செண்பகவல்லிதான் ஜெயித்தார். "நல்லா ஆடினே கண்ணு," என்றார்.

பெண்ணின் அப்பா மெல்லக் குனிந்து, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"அத்தையை ரொம்பப் பிடிச்சிருக்குப்பா," என்றாள் இளவேனில். "இவங்களுக்கு வேற பையன் இருக்காங்களான்னு கேளுங்க."