வேனுக்குப் போகும் எண்ணெய்

"இத்தனையும் பொரிச்ச எண்ணெயா?"

சமையலறை மூலையில் இருந்த டின்னைப் பார்த்ததும் அக்காவுக்குப் பகீரென்றது. நெஞ்சுவலியில் பிழைத்தெழுந்த தம்பியைப் பார்க்க அப்போதுதான் வந்திருந்தாள்.

"ஆமா அண்ணி. வேன்காரருக்கு எடுத்து வச்சிருக்கேன், டீசலாக்கி வேன்ல ஊத்திக்குவார்" என்றாள் தம்பி மனைவி.

"அவர் வேன் ஓடணும்னு என் தம்பிக்குப் பொரிச்சுப் பொரிச்சுப் போடறியா?"

பத்தியம் பற்றி அக்கா பேச ஆரம்பித்தால் டாக்டரே கைகட்டி நின்று கேட்க வேண்டும். தம்பி மனைவி துணி காயப்போடப் போய்விட்டாள்.

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, எனக்கு வேகவச்சதுதான். இது கடையில வாங்கின புது எண்ணெய். ஒரே ஒரு உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டு, அது கருகற வரைக்கும் காய்ச்சி ஊத்தி வைக்கறா."

"அவளுக்கென்ன பைத்தியமா?"

"அன்னிக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனது அந்த வேன்தான்க்கா. யாருக்கு முடியலேன்னாலும் சும்மாவே கூட்டிட்டுப் போறார். காசு நீட்டினா முறைக்கறார். 'வீணாப் போற எண்ணெய் இருந்தாக் குடுங்க, டீசலாக்கிக்கறேன்'னார். புதுசுன்னு தெரிஞ்சாத் தொட மாட்டார்."

வாசலில் ஹாரன் கேட்டது. தம்பி மனைவி துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். உள்ளே வந்த வேன்காரர் டின்னைத் திறந்து மோந்து பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பலதடவை பொரிச்ச எண்ணெயை டீசலாக்க கெமிக்கல் நிறையக் கலக்கணும். உங்க வீட்டு எண்ணெய்க்குக் கொஞ்சமே போதுது. நிஜமாவே பொரிச்சதுதானா? சாரும் பொரிச்சதைச் சாப்பிடக் கூடாது. அப்புறம் யாருக்கு இவ்வளவு?"

தம்பி மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் டின்னைத் திரும்பக் கீழே வைக்கப் போனார்.

"எனக்குத்தாங்க!" அக்கா முன்னால் வந்தாள். "வாராவாரம் வந்து தின்னுட்டுப் போறது நான்தான். ஒருதடவை காஞ்ச எண்ணெயில மறுபடி பொரிச்சா எனக்கு ஆகாது. பொரிச்சது இல்லேன்னா ஒரு வாய் இறங்காது."

வேன்காரர் அவளை வருத்தத்தோடு பார்த்தார்.

"தம்பி படுத்ததைப் பார்த்த பிறகாவது வாயைக் கட்ட வேண்டாமாம்மா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"முயற்சி பண்றேங்க. ஆனா எதுக்கும் அடுத்த வாரம் டின்னோட வந்துடுங்க."