விட்டுவிட்டுப் போக வேண்டிய கணக்கு

தென்காசி ரயிலடியில் ஏஜென்ட் குத்தாலிங்கம் பத்திரிகைக் கட்டைப் பிரிக்கும்போதே ஆவுடைநாயகம் கையை நீட்டிவிட்டான்.

மெட்ரிகுலேஷன் ரிசல்ட் வந்திருந்தது.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் மூட்டையும் குடையுமாக இறங்கி வில்வண்டிக்காரர்களோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு எதுவும் காதில் விழவில்லை.

முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை அவனுக்கு. பிரைவேட்டாக இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் போய்விட்டது. தேறினால்தான் காலேஜ். காலேஜுக்குப் போனால்தான் அடுத்தவன் எழுதியதைப் பார்த்து எழுதுகிற பிழைப்பு தீரும்.

இந்தத் தடவை அவன் கணக்கைக் கையில் எடுத்தவள் பெண்டாட்டி இராமலட்சுமி. நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

ஆறு வருஷத்துக் கேள்வித்தாள்களைத் தரையில் பரப்பி, எந்த மாதிரிக் கணக்கு எத்தனை தரம் வந்திருக்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தாள். விகிதம், நேரமும் வேலையும், இருபடிச் சமன்பாடு, பத்தே பத்துத் தேற்றம். புஸ்தகம் பூராவும் வேண்டாம், இதைப் பிடித்தால் போதும் என்றாள்.

காலையில் அவன் கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம். ஒரே கணக்கை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து போடுவார்கள்.

"அஞ்சு நிமிஷத்துல வழி தெரியலேன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரணும். அங்கனயே நிக்கக் கூடாது." தினமும் அதைத்தான் சொன்னாள்.

பரீட்சை முடிந்த அன்று, "எப்படிப் போட்டிருக்கிய?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான்" என்றான்.

இப்போது அவன் விரல் எண்களின் மேல் ஓடி ஓரிடத்தில் நின்றது. திரும்ப மேலிருந்து பார்த்தான். மூன்றாம் தரமும் பார்த்தான்.

"நம்பர் இருக்காலே?" என்றார் குத்தாலிங்கம்.

"இருக்கு, அண்ணாச்சி."

அவர் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரிகையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தான்.

அடுப்படியிலிருந்து வந்த இராமலட்சுமி அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"தேறிட்டியளா?"

"நீ தேறிட்டே."

தனியாகப் பரீட்சை ஹாலுக்குப் போகப் பயந்து, ஒரு துணைக்கு என்று அவளுக்கும் சேர்த்து அவன்தான் மனுப் போட்டிருந்தான். கணக்கு நீங்கலாக மற்றப் பாடமெல்லாம் அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"ஒங்க நம்பர்?"

"ஒரு வட்டக் கணக்குல போய் நின்னுட்டேன். முக்கால் மணி நேரம். விட மனசு வரல."

அவன் நீட்டிய பத்திரிகையை அவள் வாங்கவில்லை.

"அப்போ எனக்கும் வேண்டாம். நான் காலேஜுக்குப் போயிட்டா ஒங்களுக்கு யாரு சோறு பொங்குவா?"

"கோர்ட்டு வாசல்ல கிளப்புக் கடை இருக்கு. பேசாம இரு."

பத்தாம் நாள் பாளையங்கோட்டையிலிருந்து பெண்கள் காலேஜின் விண்ணப்பம் தபாலில் வந்தது. காப்பாளர் கையொப்பம் என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினான்.

மை காயும்வரை அதை ஊதிக்கொண்டே இருந்தான்.