சந்துக்குள் காளை

ஹார்ன்லோ ஊரின் புதன்கிழமைச் சந்தை இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. என் ரொட்டிக் கடையின் மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்க்கிறேன். பட்டியை உடைத்துக்கொண்டு வந்த காளை, தேவாலயத்துக்குப் போகும் சந்துக்குள் நிற்கிறது. அதற்கு எதிரே தையல்காரரின் மனைவி ஹெஸ்டர், குழந்தை வண்டியோடு. இரண்டு பக்கமும் சாய்ந்து நெருக்கும் பழைய மரவீடுகள். அவள் முதுகுக்குப் பின்னால் தேவாலயத்தின் இரும்புக் கதவு பூட்டிக் கிடக்கிறது. மழை ஈரத்தில் தரையில் பதித்த கற்கள் மினுங்குகின்றன. காளையின் மூச்சு புகையாக வந்து அவள் முகத்தில் படிகிறது. வண்டியை மெல்லப் பின்னால் தள்ளிவிட்டு அவள் முன்னால் நிற்கிறாள்.

"அசையாதம்மா," என்கிறார் காளைக்குப் பின்னாலிருந்து மாட்டுக்காரர் ஜெத்ரோ. "நான் கிட்ட வந்தா அது உன் மேலதான் பாயும். மூக்குல வளையம் இருக்கு பாரு, அதப் புடி."

"என்னால முடியாது, ஜெத்ரோ."

"இப்ப உன்னால மட்டுந்தாம்மா முடியும்."

வண்டிக்குள் குழந்தை சிணுங்குகிறது. காளையின் காது அந்தப் பக்கம் திரும்புகிறது. குளம்பு கல்லைச் சுரண்டுகிறது. ஹெஸ்டர் கையுறையைக் கழற்றுகிறாள். எச்சில் வழியும் பித்தளை வளையத்துக்குள் விரல்களை நுழைத்து இறுக்குகிறாள். காளை தலையைத் தூக்குகிறது. அவள் குதிகால்கள் தரையை விட்டு எழும்புகின்றன. அவள் விடவில்லை. மெல்ல, மிக மெல்ல, அது தலையைத் தாழ்த்துகிறது.

ஜெத்ரோ சுவரோடு ஒட்டி நகர்ந்து வந்து வளையத்தில் கயிற்றை மாட்டுகிறார். "போதும் தாயி, கைய எடு."

அவள் தலையாட்டுகிறாள். விரல்கள் திறக்கவில்லை. ஒவ்வொன்றாக அவர்தான் விரித்து எடுக்கிறார்.